பால் பத்தலை

பிள்ளை பெற்ற வீட்டில் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அந்தப் பேச்சு எழுந்துவிடும்: "பால் பத்தலை." பெரும்பாலும் அதை முதலில் சொல்வது தாய் அல்ல. பிள்ளையைப் பார்க்க வந்த அத்தை சொல்வார், ராத்திரி முழுக்கக் கண்விழித்த மாமியார் சொல்வார், சில இடங்களில் வார்டு ஆயாவே சொல்லிவிடுவார். குழந்தை வீறிட்டு அழுகிறது. மார்பு இன்னும் தளர்வாகவே இருக்கிறது. பிழிந்து பார்த்தால் மஞ்சளாக இரண்டு சொட்டு வருகிறது. இந்த மூன்றையும் வைத்து முடிவு எடுக்கப்படுகிறது. பொழுது சாய்வதற்குள் மருந்துக்கடையிலிருந்து பால் பவுடர் டின் வீட்டுக்கு வந்துவிடும்.

அந்த மூன்று அடையாளங்களில் ஒன்றுகூடப் பால் போதவில்லை என்பதைக் காட்டுவதில்லை. மூன்றுமே அந்த நாளுக்கு இயல்பானவை. ஆனால் அதை அந்த வீட்டில் யாரும் அந்தத் தாயிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொல்லப்பட்டது "தாய்ப்பால்தாம்மா குடுக்கணும்" என்ற ஒரு வரி. சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரும் அதையேதான் சொன்னது. தாய்ப்பால் நல்லது என்று தெரியாத தாய் இன்று தமிழ்நாட்டில் அநேகமாக இல்லை. அவளுக்குத் தெரியாமல் போவது வேறு: தன் உடம்பில் நடப்பதையும் குழந்தை காட்டும் குறிகளையும் எப்படிப் புரிந்துகொள்வது என்பது.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றைப் (2019–21) பார்த்தால் இது எண்களிலேயே தெரிகிறது. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் இந்தியாவில் சுமார் 42 சதவீதம், தமிழ்நாட்டில் சுமார் 60. அதுவரை நாம்தான் முன்னால் இருக்கிறோம். அடுத்த வரியில் நிலைமை தலைகீழாகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை இந்திய அளவில் சுமார் 64 சதவீதம், தமிழ்நாட்டில் சுமார் 55. ஆஸ்பத்திரிக்குள் முன்னால் நின்ற மாநிலம் வீட்டுக்கு வந்ததும் பின்தங்கிவிடுகிறது. இன்னொரு கணக்கும் யோசிக்க வைக்கிறது. இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதில் நகரத்தைவிடக் கிராமமே முன்னால் நிற்கிறது. படிப்பும் வசதியும் ஆஸ்பத்திரியும் கூடுதலாக உள்ள இடத்தில்தான் இது குறைகிறது. ஆகவே "படிக்காதவங்க, விவரம் தெரியாதவங்க" என்று தாய்மார்கள் மேல் பழியைப் போட்டு நகர்ந்துவிட முடியாது.

பொது சுகாதாரத் துறையில் இதற்கென்று ஒரு கருத்து உண்டு. தமிழில் அதைச் சுகாதார எழுத்தறிவு என்கிறோம். ஆஸ்திரேலிய ஆய்வாளர் டான் நட்பீம் 2000-ஆம் ஆண்டில் அதை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டினார். மாத்திரைச் சீட்டையும் துண்டுப் பிரசுரத்தையும் படித்துப் புரிந்துகொள்வது முதல் படி. டாக்டரிடமும் நர்ஸிடமும் கேள்வி கேட்டு, பதிலைத் தன் நிலைமைக்குப் பொருத்திப் பார்ப்பது இரண்டாவது. யார் எதற்காக எதைச் சொல்கிறார்கள் என்று எடைபோட்டு முடிவெடுப்பது மூன்றாவது. பட்டம் பெற்ற பெண்ணுக்கு முதல் படி கைவந்திருக்கும். பச்சை உடம்பாக, தூக்கமில்லாமல், நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டாவதும் மூன்றாவதும் எளிதில் கைகூடுவதில்லை.

அந்த முதல் மூன்று நாட்களில் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

மார்பில் பால் சுரக்கும் வேலை கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. நஞ்சு வெளியே வந்தவுடன் அந்த ஹார்மோன் இரத்தத்தில் சரசரவென இறங்குகிறது. அந்தத் தடை நீங்கிப் பால் பெருகுவதற்கு இரண்டிலிருந்து நான்கு நாட்கள் பிடிக்கும். முதல் பிரசவத்தில் சற்றுத் தாமதமாகலாம், சிசேரியன் ஆனவர்களுக்கும் தாமதமாகலாம். அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்பதை இந்த இடத்தில் நினைவில் வைக்க வேண்டும். பால் பெருகும் நேரம் வருவதற்கு முன்பே பல வீடுகளில் பால் பத்தலை என்று முடிவாகிவிடுகிறது.

அந்த இடைப்பட்ட நாட்களில் வருவதுதான் சீம்பால். கெட்டியாக, மஞ்சளாக, முதல் நாள் முழுவதற்கும் சேர்த்தே சில தேக்கரண்டிதான் வரும். அந்த அளவு போதும். பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது, அதன் சிறுநீரகங்களும் அதிக நீரைக் கையாள இன்னும் பழகவில்லை. குழந்தை கர்ப்பத்திலேயே கொஞ்சம் நீரையும் சேமிப்பையும் உடம்பில் வைத்துக்கொண்டுதான் பிறக்கிறது. அதனால் முதல் சில நாட்களில் பிறந்த எடையில் ஏழு சதவீதம் வரை குறைவது இயல்பு. பத்தை நெருங்கினால்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் குழந்தை இழந்த எடையைத் திரும்பப் பிடித்துவிடும். இந்த ஒரு தகவலை முன்கூட்டியே சொல்லிவிட்டால், மூன்றாம் நாள் எடைபோட்டு "200 கிராம் இறங்கிடுச்சே" என்று பதறும் எத்தனையோ வீடுகளில் டின் திறக்கப்படாது.

சீம்பாலில் இருப்பது வெறும் உணவு அல்ல. சுரப்பு ஐஜிஏ எனப்படும் எதிர்ப்புப் புரதம் அதில் செறிந்திருக்கிறது. அது குழந்தையின் குடலின் உட்பரப்பில் படிந்து கிருமிகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. தாய்க்கு எந்தெந்தக் கிருமிகளோடு பழக்கம் உண்டோ, அவற்றுக்கான எதிர்ப்பாற்றல்தான் குழந்தைக்குப் போகிறது. அதே வீட்டில், அதே தெருவில், அதே கிருமிகளுக்கு நடுவில்தானே அந்தக் குழந்தையும் வளரப் போகிறது. உயிருள்ள வெள்ளணுக்களும், கிருமிகளுக்கு இரும்புச் சத்து கிடைக்காமல் தடுக்கும் லாக்டோஃபெரினும் சீம்பாலில் உண்டு. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைகளும் இருக்கின்றன. பாலில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடி அதிகமாக உள்ள திடப்பொருள் அவைதான். குழந்தைக்குப் பயன்படாத ஒன்றைத் தாயின் உடம்பு ஏன் இவ்வளவு பாடுபட்டுத் தயாரிக்கிறது என்று விஞ்ஞானிகள் நெடுநாள் குழம்பினார்கள். குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோபாக்டீரியாக்களுக்கு அதுதான் உணவு என்று பிறகு தெரிந்தது. நல்ல நுண்ணுயிர்கள் இடத்தைப் பிடித்துவிட்டால் கெட்டவைக்கு இடமில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

நம் ஊர்களில் பிறந்த முதல் மணி நேரத்தில்தான் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் குறுக்கே வருகிறது. குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ குழந்தையின் நாக்கில் தடவுவார். அந்தப் பாசத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தேனில் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை. குழந்தையின் குடலில் முளைத்து, நரம்புகளைத் தாக்கும் நஞ்சைச் சுரக்க முடியும். குழந்தைகளுக்கு இப்படி ஒரு நோய் வருவது 1976-இல்தான் மருத்துவ உலகுக்கே தெரிந்தது. ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். பாட்டிக்கு இந்தக் காரணத்தை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார். "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று வெடுக்கென்று சொன்னால், நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் தடவிவிடுவார்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு பால் எவ்வளவு சுரக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குழந்தையின் வாய்தான். இறைக்கிற கிணறுதான் ஊறும். குழந்தை சப்பும்போது மார்க்காம்பிலிருந்து நரம்புகள் வழியே மூளைக்குச் செய்தி போகிறது. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் வெளிவருகின்றன. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின், பால் நுண்பைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருங்கவைத்து உண்டான பாலைக் குழாய்க்குள் தள்ளுகிறது. புரோலாக்டின் இரவில் அதிகமாகச் சுரக்கிறது. "ராத்திரி டின் பால் குடுத்திடலாம், அவ தூங்கட்டும்" என்று அன்போடு சொல்லும் யோசனை அதனால் அடிமடியிலேயே கைவைக்கிறது. ஆக்சிடோசினின் குணம் வேறு. வலி, பயம், அவமானம் ஆகியவை அதைத் தற்காலிகமாகத் தடுக்கும். தையல் வலியோடு படுத்திருப்பவளிடம் "உனக்குப் பாலே இல்லையே" என்று சொல்வது அவளுக்குப் பால் இறங்குவதையே நிறுத்தி வைக்கக்கூடும்.

இவற்றோடு மார்புக்குள்ளேயே இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பால் தேங்கி நின்றால், உற்பத்தியைக் குறைக்கும்படி அந்தத் தேக்கமே செல்களுக்கு உணர்த்திவிடும். பால் வெளியேறினால் உற்பத்தி கூடும். டின் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. சாயங்காலம் 60 மில்லி பவுடர் பாலைக் குடித்த குழந்தை நாலு மணி நேரம் தூங்குகிறது. எல்லோருக்கும் நிம்மதி. "பாத்தியா, இவ்ளோ நாள் பசியோட இருந்திருக்கு." அந்த நாலு மணி நேரத்தில் அது மார்பில் சப்பவில்லை. பால் தேங்கியது, செய்தி போகவில்லை, சுரப்பு சற்றுக் குறைந்தது. மறுநாள் குழந்தைக்கு உண்மையிலேயே கொஞ்சம் குறைவாகக் கிடைக்கிறது. இன்னொரு பாட்டில். பத்து நாளில் "பால் பத்தலை" என்பது உண்மையாகிவிடுகிறது. தொடக்கத்தில் தவறாக இருந்த முடிவு தன்னைத் தானே உண்மையாக்கிக்கொண்டது. அந்தத் தாய் வாழ்நாள் முழுக்க "எனக்குப் பால் இல்லை" என்றே நம்பிக்கொண்டிருப்பாள். நாளைக்குத் தன் மருமகளிடமும் அதையே சொல்வாள்.

அப்படியானால் பால் போதுகிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? அழுகை முதல் அடையாளமாக இருக்க முடியாது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நம்மிடம் பழமொழி உண்டு. ஆனால் அழுகை பசியின் கடைசி அறிகுறி. அதற்கு முன்பே குழந்தை தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடும், வாயைத் திறந்து மூடும், நாக்கை நீட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அந்த நேரத்தில் மார்பில் போட்டால் அமைதியாகப் பிடித்துக்கொள்ளும். அழத் தொடங்கிவிட்டால் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு விறைக்கும், காம்பைப் பிடிக்காது. "பிள்ளை மாரையே தள்ளுது" என்ற அடுத்த குற்றச்சாட்டு அங்கிருந்துதான் பிறக்கிறது. அதோடு, பசியைத் தவிர எத்தனையோ காரணங்களுக்குக் குழந்தை அழும். சாயங்கால வேளையில் அரைமணிக்கு ஒருமுறை பால் கேட்டு நச்சரிப்பது முதல் சில வாரங்களில் பல குழந்தைகளின் இயல்பு.

மார்பு கனமாக இல்லாததும் அடையாளமல்ல. நாலைந்து வாரத்தில் சுரப்பு குழந்தையின் தேவைக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அப்போது மார்பு முன்புபோல் விம்மி நிற்காது. மார்பின் அளவும் பொருட்டல்ல, ஏனென்றால் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கொழுப்பு. பம்ப் வைத்துப் பார்த்து எவ்வளவு வந்தது என்று கணக்குப் போடுவதும் வீண் வேலை. குழந்தையின் வாய் எடுக்கிற அளவுக்கு எந்தக் கருவியும் எடுத்துவிடாது.

பார்க்க வேண்டியவை எளிமையானவை. ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போக வேண்டும். கருப்பாகப் பிசினாகப் போன மலம் பச்சையாகி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக வேண்டும். பால் குடிக்கும்போது விழுங்கும் சத்தம் மெல்லக் கேட்க வேண்டும். குடித்து முடித்ததும் இறுக்கி மூடியிருந்த கை விரிந்து தளர வேண்டும். இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பி, அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால், யார் என்ன சொன்னாலும் பால் போதுகிறது என்றுதான் அர்த்தம். துணித் தொட்டிலும் கோவணத் துணியும் இருந்த காலத்தில் ஈரத்துணிகளை எண்ணுவது பாட்டிகளுக்குப் பழகிய கணக்கு. டயப்பரில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. முதல் இரண்டு வாரமாவது துணியே கட்டிப் பார்க்கலாம்.

இவற்றில் ஏதாவது ஒன்று சரியாக இல்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது பிடிமானம். அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டுகளில் அனுபவமுள்ள ஒரு சிஸ்டர் இதைச் சரிசெய்வதைப் பார்த்தால் மனம் நிறைந்துவிடும். தாய் குனிந்து, முதுகு வலிக்க, மார்பைக் குழந்தையின் வாய்க்குள் திணிக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வியிருக்கும். அவள் பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பாள். சிஸ்டர் முதலில் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைப்பார். "நீ குனியாத கண்ணு, பிள்ளைய உன்கிட்ட கொண்டா." சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரத்தில் நுழைத்துக் காம்பை விடுவிப்பார். குழந்தையின் தலையை மட்டும் திருப்பாமல், வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி முழு உடம்பையும் திருப்புவார். காம்பால் மேலுதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருப்பார். குழந்தை கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறக்கும் நொடியில் தோளோடு சேர்த்து அணைத்துக் கொண்டுபோவார். இப்போது தாடை மார்பில் பதிந்திருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்கும், காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டம் மேலே கொஞ்சம் தெரியும், கீழே அநேகமாக வாய்க்குள் போயிருக்கும். முதலில் வேகமாகச் சப்பும், பிறகு நிதானமாக, ஆழமாக, விழுங்கி விழுங்கிக் குடிக்கும். தாயின் தோள்கள் இறங்கும். வலி போய்விட்டது. ஐந்து நிமிட வேலை. எந்தப் போஸ்டரும் இதைக் கற்றுத்தராது. நூறு தாய்மார்களுக்கு இரண்டு நர்ஸ்கள் இருக்கும் வார்டில் அந்த ஐந்து நிமிடம் எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை.

சாப்பாட்டு விஷயத்திலும் ஒரு வார்த்தை. பூண்டுப் பாலும் பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் செய்து தரும் கைகளை நான் மதிக்கிறேன். பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லாவும் கேரி போஷம்ப்பும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், தாய் பூண்டு சாப்பிட்ட பிறகு பாலில் பூண்டு மணம் ஏறியது, குழந்தைகள் அதிக நேரம் மார்பைப் பிடித்திருந்தன. ஆனால் பத்தியம் என்ற பேரில் தாயின் சோற்றையும் தண்ணீரையும் குறைப்பதை ஏற்க முடியாது. முதல் ஆறு மாதங்களில் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கிலோகலோரி கூடுதலாகத் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். குழந்தைக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான், அக்னி நட்சத்திர வெயிலிலும் அது போதும். தண்ணீர் தேவைப்படுவது தாய்க்கு.

தவறாகப் புரிந்துகொள்வது வீட்டுப் பெண்கள் மட்டுமல்ல, மருத்துவ உலகமே பல பத்தாண்டுகள் தவறான அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து உலகம் முழுக்கப் பயன்பட்ட வளர்ச்சி அட்டவணையில் கைக்குழந்தைகளுக்கான பகுதி, அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஒரு சிறு பகுதிக் குழந்தைகளை அளந்து செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். புட்டிப்பால் குழந்தைகளும் தாய்ப்பால் குழந்தைகளும் ஒரே வேகத்தில் எடை போடுவதில்லை. மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் குழந்தையின் எடை ஏற்றம் சற்று நிதானப்படும். அந்த அட்டவணையில் வைத்துப் பார்த்தால் நன்றாக வளரும் குழந்தையின் கோடு கீழே சரிவதுபோல் தெரியும். "பால் பத்தலைம்மா, மேல்பால் ஆரம்பிங்க" என்று டாக்டரே எழுதிக்கொடுப்பார். இதைச் சரிசெய்ய உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. இந்தியாவில் அளந்த இடம் தெற்கு டெல்லி. தாய்ப்பாலில் வளரும் குழந்தையையே இயல்பாக வைத்து 2006-இல் புதிய அட்டவணை வந்தது. இன்று அங்கன்வாடியில் கிடைக்கும் தாய் சேய் நல அட்டையில் உள்ள வளைகோடுகள் அதிலிருந்து வந்தவைதான். அந்த அட்டையில் ஒரு தடவை எடை குறித்ததைப் பார்த்து அலற வேண்டியதில்லை. அடுத்தடுத்த புள்ளிகளைச் சேர்த்தால் கோடு வளைவோடு இணையாக மேலே போகிறதா என்பதுதான் கேள்வி. இதை ஒரு தாய்க்குச் சொல்லிக்கொடுக்கப் பத்தாம் வகுப்புப் படிப்புகூடத் தேவையில்லை.

நட்பீம் சொன்ன மூன்றாவது படி, யார் எதற்காகச் சொல்கிறார்கள் என்று பார்ப்பது, டின் விஷயத்தில் உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் ஓர் உரை நிகழ்த்தினார். பாலும் கொலையும் என்பது அதன் தலைப்பு. சர்க்கரை கலந்த டின் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடாக விற்பதால் குழந்தைகள் சாகின்றன, இதைக் கொலை என்றே சொல்ல வேண்டும் என்று வணிகர்கள் நிறைந்த சபையிலேயே பேசினார். 1974-இல் பிரிட்டனில் வெளிவந்த ஒரு சிறு நூல் ஏழை நாடுகளில் பவுடர் பால் நிறுவனங்கள் விற்பனை செய்யும் முறையை அம்பலப்படுத்தியது. நர்ஸ் உடையில் விற்பனைப் பெண்கள், இலவச டின், அது தீரும்போது வற்றிப்போன மார்பு, வாங்கக் காசில்லாமல் தண்ணீர் அதிகம் கலந்த பால். 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை பவுடர் பால் விற்பனைக்கான நெறிமுறையை 118 நாடுகளின் ஆதரவோடு ஏற்றது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா.

இந்தியா இன்னும் ஒருபடி மேலே போனது. 1992-இல் வந்து 2003-இல் கடுமையாக்கப்பட்ட நம் சட்டப்படி இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடருக்கும் உணவுக்கும் விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, டாக்டருக்குப் பரிசு கூடாது, டின்னில் குழந்தைப் படமோ தாயின் படமோ கூடாது. டின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள், தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் அதிலேயே இருக்கும். சட்டம் நல்ல சட்டம். ஆனால் இன்றைய விற்பனை டிவி வழியாக வருவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் எட்டு நாடுகளில் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட பெற்றோர்களிலும் கர்ப்பிணிகளிலும் பாதிப்பேருக்கு மேல் பால் பவுடர் நிறுவனங்களின் விற்பனை வலைக்குள் வந்திருந்தார்கள். நடு ராத்திரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனில் தேடும் தாயின் பயம்தான் அந்த விற்பனைக்கு மூலதனம்.

இதையெல்லாம் மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. பெலாருஸ் நாட்டில் 31 மகப்பேறு மருத்துவமனைகளில் மைக்கேல் கிரேமர் குழுவினர் 17,000-க்கும் அதிகமான தாய்-சேய் இணைகளைப் பின்தொடர்ந்தார்கள். எல்லாத் தாய்மார்களும் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கியவர்கள்தான். வித்தியாசம் ஒன்றே: பாதி ஆஸ்பத்திரிகளில் ஊழியர்களுக்கு முறையான பயிற்சி தரப்பட்டது. மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் பயிற்சி பெற்ற இடங்களில் 43 சதவீதம், மற்ற இடங்களில் 6 சதவீதம். முதல் ஆண்டில் வயிற்றுத் தொற்றும் பயிற்சி பெற்ற இடங்களில் குறைவு. நம் ஹரியானா கிராமங்களில் நீதா பண்டாரி குழுவினர் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. புதிதாக யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை. ஏற்கெனவே ஊரில் இருந்த அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், மருத்துவச்சி ஆகியோருக்கே ஆலோசனை சொல்லும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்தவை அந்தக் கிராமங்களில் 79 சதவீதம், மற்றவற்றில் 48. தாய் மாறவில்லை, அவளைச் சுற்றியிருந்தவர்களின் அறிவு மாறியது.

உண்மையாகவே பால் போதாத தாய்மார்களும் உண்டு. பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு ஆனவர்கள், நஞ்சின் துண்டு கருப்பையில் தங்கிவிட்டவர்கள், தைராய்டு குறைபாடு உள்ளவர்கள், மார்பில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், பால் சுரப்பித் திசுவே போதுமான அளவு வளராதவர்கள். அவர்களிடம் "எல்லாருக்கும் வரும், நீ முயற்சி பண்ணலை" என்று சொல்வது கொடுமை, குழந்தைக்கும் ஆபத்து. குழந்தை பால் குடிக்க எழவே மாட்டாமல் சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வாய் காய்ந்திருந்தாலோ காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருத்துவக் காரணத்துக்காகப் பவுடர் பால் கொடுக்க வேண்டி வந்தால் அதையும் சரியாகக் கொடுக்கக் கற்றுத்தர வேண்டும்: கொதிக்கவைத்த தண்ணீர், டின்னோடு வந்த கரண்டியில் தலைதட்டி அளந்த பவுடர், டின்னில் எழுதியுள்ள விகிதம், காசு மிச்சம் பிடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதிகம் சேர்க்காமை. பாட்டிலைவிட நம் பாலாடையும் சங்கும் கழுவ எளிது, மூலைமுடுக்கில் பால் தங்காது. மருந்து சாப்பிடுகிறாள் என்பதற்காகப் பாலை நிறுத்தச் சொல்வதும் பல நேரம் தேவையற்றது. பாரசிட்டமாலும் வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகளில் பெரும்பாலானவையும் பாலூட்டும்போது சாப்பிடக்கூடியவைதான். டாக்டரிடம் "நான் பால் கொடுக்கிறேன்" என்று சொல்லி மருந்து கேட்டாலே போதும்.

வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு அறிவு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். 2017-இல் வந்த சட்டத் திருத்தத்தால் மகப்பேறு விடுப்பு 26 வாரமானது, தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 12 மாதம். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவளுக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும், வீட்டு வேலை செய்பவளுக்கும் நடைமுறையில் அது எதுவும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிதான், ஆனால் ஆறு மாதக் கூலிக்கு ஈடாகாது. அவள் ஆறு வாரத்தில் வேலைக்குப் போவதை அறியாமை என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

டிஸ்சார்ஜ் சீட்டில் தையல் பிரிக்கும் தேதி இருக்கிறது, இரும்புச் சத்து மாத்திரை இருக்கிறது, தடுப்பூசித் தேதி இருக்கிறது. பால் பற்றி உருப்படியான ஒரு வரி இல்லை. மருத்துவக் கல்வியில் சொல்லித்தரும் எளிய முறை ஒன்று உண்டு. நாம் சொன்னதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லவைப்பது. "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதிலாக, வீட்டுக்கு அனுப்புமுன் தாயோடு அவள் அம்மாவையும் மாமியாரையும் கணவனையும் சேர்த்து உட்காரவைத்து இப்படிக் கேட்க வேண்டும்: "பால் போதுதான்னு வீட்ல எப்படிக் கண்டுபிடிப்பீங்க? எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகணும்? நாலாவது நாள் ராத்திரி பிள்ளை கத்துனா முதல்ல என்ன செய்வீங்க? யாருக்குப் போன் பண்ணுவீங்க?" பதில் தடுமாறினால் இன்னொரு தடவை சொல்லிக்கொடுக்க வேண்டும். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐயும் அந்தப் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரின் எண்ணையும் சீட்டிலேயே எழுதிக்கொடுக்க வேண்டும். நாலு பேரும் நாலு கேள்விக்கும் பதில் சொன்ன பிறகு டிஸ்சார்ஜ் கையெழுத்துப் போடலாம்.